ஒரு சொட்டு சோப்பு

சோதனைக் குழாயில் ஒரு புரதம் வேலையை நிறுத்திவிட்டால், என் மூலக்கூறு சாவி மாதிரி அதில் பொருந்திவிட்டது என்றே அர்த்தம் என்று நம்பினேன். அதே சாவியில் அமெரிக்காவும் திறக்கும் என்று நம்பியது உபரி.

திருப்பதியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி செய்துகொடுக்கும் சின்ன ஆய்வகத்தில் வேலை. கம்ப்யூட்டர் படித்த என் வயதுக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். ரசாயனம் படித்த நான் ஆய்வகத்துக்குப் போகும் ஏர்பேடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வந்த மனிதப் புரதத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். சோதனைக் குழாயில் ஒரு சாயத்தைத் துண்டாக வெட்டும், எங்களுக்குத் தெரிந்த அதன் வேலை அவ்வளவுதான். உடம்புக்குள் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுக்கும் மூலக்கூறுகளை நான் செய்வேன். நகரியிலிருந்து வந்த என் சக ஆராய்ச்சிக்காரி அவற்றைப் புரதத்தோடு கலந்து பார்ப்பாள். நல்லதாக ஒன்று அமைந்தால், செய்தவனை அமெரிக்காவுக்கே அழைத்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

நான் செய்த வெள்ளைப் பொடி ஒன்று புரதத்தை அப்படியே நிறுத்தியது. அன்று மாலையே ஊருக்குப் போகும் வழியில் சித்தூரில் இறங்கிக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கினேன், அக்னி நட்சத்திர வெயிலில். கடைக்காரர் காய்ச்சலா என்று விசாரித்தார். வீட்டில் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தேன்.

"இன்னா நோய்க்கு?" என்றார் நைனா.

"அது இன்னும் தெரில நைனா."

நைனா செருப்பை மாட்டினார். "அப்ப ஊர்ல சொல்லலாமா, வேணாமா?"

மறுநாள் எங்கள் ஊர் கங்காதர நெல்லூர் பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஆய்வகத்தில் சக ஆராய்ச்சிக்காரி கேட்டது ஒன்றுதான்: சோப்பு போட்டுப் பார்த்தாயா? சில பொடிகள் தண்ணீரில் கரையாமல் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டு, எந்தப் புரதம் வந்தாலும் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு சோப்பு விட்டால் உருண்டை கலைந்து, பிடிபட்ட புரதம் விடுபட்டு, குட்டு வெளிப்பட்டுவிடும். இது எனக்குத் தெரியாததல்ல, தெரிந்ததால்தான் போடவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது என்றேன். அவள் தன் பாட்டிலை எடுத்து வைத்தாள். கரண்ட் போகும் போலிருக்கிறது என்றேன். பிறகு முகம் கழுவப் போய்விட்டேன். எவ்வளவு கழுவியும் அதே முகம்தான் இருந்தது.

அவள் பாத்ரூம் கதவைத் தட்டினாள். "உள்ளயே ஒளிஞ்சிக்கினு இருந்தா ரிசல்ட் மாறிடுமா? வாபா, ரெண்டு பேரும் சேந்தே பாக்கலாம்."

சேர்ந்தே பார்த்தோம். சோப்பு விழுந்ததும் புரதம் பழையபடி சாயத்தை வெட்ட ஆரம்பித்தது. அன்றே கம்பெனிக்குச் சொல்லிவிட்டோம். என்னை யாரும் அமெரிக்காவுக்கு அழைக்கவில்லை. ஸ்வெட்டரைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் மாட்டிவைத்தேன். புரதங்களை வைக்கும் குளிர் அறைக்குள் போகிறவர்கள் அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனார்கள்.