பேரிக்கா வைன் ஊத்துறவ சொல்றேன்

அடுத்தவங்க வாயையும் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே வேலை செய்யிறவங்களுக்குத்தான் என் பொழப்பு புரியும். மலைநாட்டுல, நானுஓயாப் பக்கம் ஒரு சின்ன வைன் கம்பனியில, வர்றவங்களுக்கு ருசி பாக்க வெள்ளை வைன் ஊத்திக் குடுக்கிறவ நான். திராட்சை இல்லங்க, நம்ம ஊரு பேரிக்காயில செய்யிறது. கம்பனின்னா மொதலாளி சிவநேசன், நான், பழம் புழியிற மெஷினு, அவ்வளவுதான். ஒரு நல்ல ஹோட்டல் நம்ம வைனை எடுத்தாத்தான் அடுத்த வருஷமும் பழம் புழிவோம், இல்லாட்டிக் கடையைச் சாத்த வேண்டியதுதான்னு அவரு மொதல்லயே சொல்லிட்டாரு.

மொத நாள்

அதுக்கு முன்னாடி பதினொரு வருஷம் தேயிலை பெக்டரியில ருசி பாக்கிற அறையில நின்னவ நான். அங்க ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டிட்டுத் துப்பிடணும், முழுங்கக் கூடாது. பெக்டரி மூடினதும் இங்க வந்தேன். மொதலாளி ஆசையா ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்து, கண்ணை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் பாட்டுக்கு உருட்டினேன், ஜன்னலோரம் இருந்த பூச்சட்டியில துப்பிட்டேன். வேலை போச்சுன்னே நெனச்சேன். மனுசன் பூச்சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு.

"அக்கா, இதுக்குத்தானா நான் ரெண்டு வருஷமா பேரிக்கா புழிஞ்சேன்?"

மாமியா வந்தாங்க

என் மாமியா, நாங்க குடியிருக்கிற தோட்டத்து லயத்துல எல்லார்கிட்டயும் நான் ஜூஸ் கம்பனியில இருக்கேன்னு சொல்லி வச்சிருந்தாங்க. வீட்டுல மட்டும் என்கிட்ட, குடிக்கிற எடத்துல மருமக நிக்கிறாளேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள வலிக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை சொல்லாம கொள்ளாம வந்து நின்னாங்க. இங்க வர்ற ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு பாக்க வந்தேன், எனக்கு ஒண்ணும் வேணாம்னாங்க. அரை மணி நேரம் வர்றவங்க குடிக்கிறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு வாய் மட்டும்னு வற்புறுத்திக் குடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினாங்க. அப்புறம் வாசலை ஒரு பார்வை பாத்துட்டு, கிளாஸை என் பக்கமா மெதுவா நகத்தினாங்க.

"ஒரு வாயில என்னத்தம்மா சொல்றது, இன்னொரு வாய் ஊத்து, நிதானமா சொல்றேன்."

ஹோட்டல் மேடம்

கொழும்புல ஒரு ஹோட்டலுக்கு வைன் வாங்குற மேடம் வந்தாங்க. வெளிய பனி, ஒரே குளிரு. மொதலாளி போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு, வெள்ளை வைன்னா ஐஸ் மாதிரி இருக்கணும்னு முந்தின நாளே வைன் போத்தலை ஃப்ரிட்ஜுல வச்சுட்டாரு. வீடியோ எடுத்தவங்க நம்ம ஊரு குளிர்ல ஒரு நாள் நின்னிருக்க மாட்டாங்க. மேடம் மோந்து பாத்தாங்க, ஒரு வாய் குடிச்சாங்க, கிளாஸைக் கீழ வச்சாங்க. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு, வாசமே இல்லையேன்னாங்க. மொதலாளி மூஞ்சி செத்துப் போச்சு.

தேத்தண்ணி ஆறிப்போனா வாசம் வராது, ரொம்பக் குளிந்து போன வைனுக்கும் அதே கதைதான்னு எனக்குத் தெரியும். பத்து நிமிசம் குடுங்கன்னு மேடத்துக்கிட்டக் கேட்டேன். போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டி போத்தலைச் சுத்தினேன், மடியில வச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டேன். மொதலாளிக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல, பேரிக்கா மரத்தப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஊத்தினேன் பாருங்க, பழுத்த பேரிக்கா வாசம் மேசை பூரா பரவுச்சு. மேடம் ரெண்டாவது வாய் குடிச்சாங்க, மூணாவதும் குடிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே, இருக்கிற போத்தலெல்லாம் எடுத்துக்கிறேன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. போறப்ப என் கையைப் பிடிச்சாங்க.

"எத்தனையோ எடத்துல வைன் குடிச்சிருக்கேன், வைனுக்கு ஸ்வெட்டர் போட்டு விட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

இப்ப வேலை போயிருமேங்கிற பயம் இல்லைங்க, ஆனா ஆளுங்க வர்ற நேரமெல்லாம் ஸ்வெட்டரைப் போத்தல் போட்டுக்குது, நான்தான் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே ஊத்துறேன்.