முகத்தில் விழுந்த கோடு

அந்தக் கோட்டை, ஜெராக்ஸ் மிஷின் வாங்கிய அன்றே பார்த்துவிட்டேன். பார்த்தும் வாங்கினேன். தாயில்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாவின் மனு அதனால்தான் திரும்பி வந்தது.

என் கணவருக்கு சிவகாசியில் அச்சக வேலை. காலண்டர் சீசன் முடிந்ததும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வரச்சொன்னார்கள். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று எனக்கு உறுத்தல். மகளுக்கு மூன்று வயது. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியதாக, தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போடலாம் என்று நான்தான் பேச்செடுத்தேன். புது மிஷின் எங்களால் ஆகாது. கம்பெனிகள் கழித்துப் போடும் ஆபீஸ் சாமான்களை விருதுநகரில் ஒரு பாய் வாங்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை என் மாமியார். அவர் சரி என்ற பிறகுதான் வீட்டில் கடைப் பேச்சே நகர்ந்தது. மிஷின் பார்க்கவும் அவர் வருவதுதான் முறை என்று பட்டது.

குடோனில் சுழல்நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. இரும்பு பீரோக்களில் ஏதேதோ ஆபீஸ் பெயர்கள் பாதி அழிந்திருந்தன. பாய் இரண்டு மிஷின்களைக் காட்டினார். ஒன்று மஞ்சளித்து, மூடியில் டேப் ஒட்டியிருந்தது. மற்றது பளிச்சென்று இருந்தது.

“இந்தப் பழசு பாக்கத்தான் அசிங்கம். காப்பி சுத்தமா வரும்” என்றார் பாய்.

“கடைக்கு வர்றவுக மிஷினைத்தான மொதல்ல பாப்பாக? இந்தக் கெழட்டை வச்சா எவன் வருவான்?” என்றார் அத்தை.

“எங்க வீட்டுலயும் என்னைய அப்படித்தாம்மா சொல்றாக.”

அத்தை சிரித்துக்கொண்டே அந்தக் கோடியில் கிடந்த ஸ்டூல்களைப் பார்க்கப் போனார். பாய் ஒரு பழைய பில்லை வைத்து இரண்டிலும் காப்பி எடுத்தார். பளிச்சென்று இருந்ததில், இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை முடி மாதிரி ஒரு கோடு.

“உள்ள சுத்துற டிரம்மை மாத்துற வரைக்கும் இது இருக்கும்மா. மறைக்க மாட்டேன். யோசிச்சு எடுங்க” என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை திரும்பி வந்தார். “இந்தப் புதுசையே எடுத்துருவோம்” என்றார். வெளி ஆள் முன்னால் அவர் பேச்சை மறுத்து எப்படிச் சொல்வது? முடி மாதிரி ஒரு கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? காப்பியை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடை வந்ததும் கோடு தடித்தது, பிறகு கறுத்தது. ஆதார் மாதிரி அட்டைகளைக் கண்ணாடியின் மூலையில் வைக்காமல் சற்று வலப்பக்கம் நகர்த்தி வைத்தால் கோடு வெற்று இடத்தில் விழும் என்று கண்டுபிடித்தேன். டிரம்மை அடுத்த சீசனில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கணவர்.

அந்தத் தாயில்பட்டி அம்மா வந்த அன்று மகளுக்குக் காய்ச்சல். என் தோளிலேயே வாந்தி எடுத்திருந்தாள். கடையைச் சாத்திவிட்டு டாக்டரிடம் போவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் தீப்பட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். உதவித்தொகைக்கு மனு கொடுக்க, அவரைப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். நான் வீட்டுக்காரரின் ஆதார் கார்டைப் பழைய பழக்கத்தில் மூலையில் வைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து நின்றார்.

“ஆபீசுல மூஞ்சி தெரியலைங்காகம்மா. என் கண்ணுதான் மங்கிப்போச்சோன்னு நெனச்சேன்.”

கோடு அவர் வீட்டுக்காரரின் நெற்றியில் தொடங்கி, மூக்கு வழியாக நாடி வரை இறங்கியிருந்தது. ஒரு கண்ணையே காணோம்.

“மிஷின்ல கோளாறுங்கம்மா. எனக்குத் தெரியும். நகத்தி வைக்க மறந்துட்டேன்.”

“தெரிஞ்சேவா குடுத்த?” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “அன்னைக்கே சொல்லிருந்தா எதுத்த கடையில எடுத்திருப்பேன்ல. இங்கனக்கும் மதுரைக்கும் அலையுறேன். அங்க அவுக ஒத்தையில கெடக்காக.”

வேறு எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

“வாங்குன அன்னைக்கே சொல்லிருந்தா, நான் என்ன உன்னையக் கடிச்சா தின்னுருப்பேன்? மிஷினைப் பத்தி எனக்கென்ன தாயி தெரியும்? படிச்சவ, நீ பாத்துக்கிருவன்னுதான் கூட வந்தேன்.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து போட்டோ உள்ள எதையும் நான் எடுப்பதில்லை. எதிர்க்கடையைக் காட்டிவிடுவேன். தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் போட்டோதான். மத்தியானம் முழுக்க மகள் வெறும் தாளில் கிறுக்கிக்கொண்டிருப்பாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோடை வெயில் தணிந்த பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்தார். எதிர்க்கடையில் ஆள் நின்றிருந்தும் நேராக என்னிடம் வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

“எதுத்தாப்புல எடுத்துக்கங்கம்மா” என்று நானே முந்திச் சொன்னேன்.

“இதுல மூஞ்சி இல்லம்மா. கோடு விழுந்தாலும் ஒண்ணுமில்ல.”

வாங்கிப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழ். “மனுவை வாங்கிக்கிட்டாகளாம்மா?” என்று கேட்டேன்.

“வாங்கிட்டாக. இப்ப இதையும் சேக்கணுமாம். பத்து காப்பி எடு.”

தேதியைப் படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். வீட்டுக்காரரைத் தனியே விட்டு இரண்டாம் தடவை என் கடையில் வந்து நின்றாரே, அந்த நாளாக இருந்துவிடுமோ என்று பயம். இல்லை. அதற்கு ஆறு நாள் கழித்து. “அப்பாடா” என்று வாய் முணுமுணுத்துவிட்டது.

அந்த அம்மா நிமிர்ந்தார். “என்னம்மா?”

“ஒண்ணுமில்லைங்கம்மா.”

தாளை வலப்பக்கம் நகர்த்தி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஆறு நாளாவது வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருக்க முடிந்ததா என்று கேட்க நினைத்தேன். பத்தையும் அடுக்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.