ஓரகத்தியின் மாத்திரை

தொண்ணூற்றொன்றில் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள். நான் மூத்தவள். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் மாட்டையும் அடுப்பையும். கொழுந்தனாரின் மனைவி பன்னிரண்டாவது படித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிவிக்கு ஒயர் கோக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். கம்பெனி வேன் ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். கழுத்தில் அட்டை தொங்க, பின் குத்திய புடவையில் அவள் ஓடிப்போய் ஏறுவதைச் சாணிக் கையோடு நின்று பார்ப்பேன். அவள் என்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம் அவளுக்குத் தொண்டை கட்டி, காய்ச்சல் அனலாக அடித்தது. கொழுந்தனார் வண்டியில் உட்காரவைத்துப் படப்பை டாக்டரிடம் கூட்டிப்போனார். சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல்கள் வந்தன. வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, ஏழு நாள். மாமியார் நேரம் பார்த்து வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கு முந்தின மாதம் எனக்கு இதே தொண்டை வலி வந்தபோது மிளகுப் பால் கிடைத்தது; அதையும் நானேதான் காய்ச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. நாலைந்து தடவை கொல்லைப்பக்கம் நடந்தாள். மருந்தின் குணம் அது, நிறைய தண்ணீரும் மோரும் குடிக்கணும், ரத்தம் கலந்து போனால் மட்டும் உடனே வரணும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். அவள் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனாலும் மிச்சத்தையும் போட்டு முடிக்கணும், பாதியில் விட்டால் திரும்ப வரும் என்று சொல்லி வேளை தவறாமல் விழுங்கினாள். அன்றைக்கே எனக்குத் தொண்டை வலித்தது. மாமியார் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். அவள், சனிக்கிழமை என்னோடு டாக்டரிடம் வாங்க அக்கா என்றாள். கூப்பிட்டது பாசமாகத்தான். என் காதில் அது, பாவம் நீயும் வா என்று விழுந்தது. வலியெல்லாம் இல்லை என்றுவிட்டேன்.

மறுநாள் அவள் மத்தியான ஷிப்ட் வேலைக்குப் போன பிறகு, அவள் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகில் இருந்த மாத்திரை அட்டையிலிருந்து இரண்டு கேப்சூலைப் பிரித்து ஒன்றாக விழுங்கினேன். அவளுக்கு ஒன்றில் குணமானால் எனக்கு இரண்டில் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்தேன். அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் உண்மையான கணக்கு. சாயங்காலம் கையில் லேசாக அரித்தது. வைக்கோல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை, அவள் கிணற்றடியில் துணி துவைக்கும்போது இன்னும் இரண்டு.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. கழுத்து, வயிறு, முதுகெல்லாம் தடித்தது. உதடு கனத்தது. மூச்சு உள்ளே போக இடமில்லாதது போல் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அட்டையோடு வந்தாள்.

"அக்கா, என் மாத்திரைய போட்டியா? சொல்லுக்கா, டாக்டர்கிட்ட சொல்லணும்."

இல்லை என்று தலையாட்டினேன். மூச்சு முட்டும்போதும் எனக்குப் பொய்தான் வந்தது.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ரோட்டில் போன செங்கல் லாரியைக் கை காட்டி நிறுத்தி, என்னை ஏற்றி, படப்பை வரை தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டார். அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். நேத்து ரெண்டு, இன்னிக்கு ரெண்டு."

ஊசி போட்டார்கள். மூச்சு மெதுவாகத் திரும்பியது. டாக்டர் அவளைத் திட்டிய திட்டு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பாயா, படித்தவள்தானே நீ, உன் மருந்தும் குறைந்துபோயிற்றே என்றார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். பிறகு என்னிடம், முன்பு எப்போதாவது ஊசி போட்டு உடம்பு தடித்திருக்கிறதா என்று கேட்டார். சின்ன வயதில் ஒருமுறை தடித்தது, அம்மா வேர்க்குரு என்று சொன்னாள் என்றேன். நீயே என்னிடம் வந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பேன், இந்த மருந்தை எழுதியே இருக்க மாட்டேன் என்றார். பென்சிலின் வகை மருந்து எதுவும் இனி எனக்கு ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லணும் என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வரை அங்கேயே படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

வீட்டில் மாமியார் முதல் முறையாக அவளைத் திட்டினார். நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் காத்திருந்த பேச்சு அது. இரண்டு நாள் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். குறைந்துபோன நாலு கேப்சூலையும் அவள் டாக்டரிடம் திரும்ப எழுதி வாங்கி வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சோறு போடும்போது என்னால் முடியவில்லை.

"அவ குடுக்கல அத்தை. நான்தான் அவளுக்குத் தெரியாம எடுத்துத் துன்னேன்."

மாமியார் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் எழுந்து கை கழுவப் போனார். அவள்தான் பேசினாள்.

"ஒனக்கு மூச்சு முட்டுனதுக்கு மொத நாளே ரெண்டு கம்மியா கீதுன்னு பாத்தேன்க்கா. நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன். அன்னிக்கு டாக்டர் சீக்கிரம் வைத்தியம் பாக்கணுமேன்னு வாயில வந்தத சொன்னேன். வுடு."

அதோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. திட்டு வாங்குவதில்கூட அவள் என்னைவிட நன்றாக நடந்துகொண்டாள் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் கொடுத்த சீட்டு கசங்கிவிடும் என்று, அவளே ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி என் பையில் வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது நர்ஸிடம் முதலில் அதைத்தான் நீட்டினேன். படித்துவிட்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டாள். வீட்டில் ஒருத்தர் என்று மட்டும் சொன்னேன்.