ஈரம் காயட்டும்

முப்பத்தோரு வருஷம் குனிந்தே தரை துடைத்த ஒருத்தியை, உலகமே அண்ணாந்து பார்க்கும் கூரையின் கீழே கொண்டுபோய் நிறுத்தினால் அவள் எங்கே பார்ப்பாள்?

ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடி வார்டில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் அவள். வார்டுச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. தொலைதூர நகரத்துப் பிரார்த்தனைக்கூடம் ஒன்றின் உள்ளறைப் படம்: நீலக் கண்ணாடி ஜன்னல், அதன் கீழே ஒற்றை விளக்கு. வருஷம் முடிந்தும் அதைக் கழற்ற அவள் விடவில்லை. "எந்தச் சாமியா இருந்தா என்ன? ஒரு நாள் நேர்ல பார்த்துடணும்" என்பாள். நர்சுகள் சிரிப்பார்கள். மகளும் மருமகனும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த நீல ஜன்னல் உண்டா?"

உண்டு. ஆனால் அன்றைய பட்டியலில் அது ஏழாவது இடம். அதற்குள் மூன்று அருங்காட்சியகம், ஒரு கோட்டை, இரண்டு வழிபாட்டுத் தலங்கள். வழிகாட்டி மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு நெரிசலுக்குள் ஓட, முப்பது பேரும் கோழிக்குஞ்சுகளாகப் பின்னால் ஓடினார்கள். "பார்க்க வந்தோமா, பந்தயம் ஓட வந்தோமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். யாரும் நிற்கவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் வழிகாட்டி, "எல்லாரும் மேலே பாருங்க" என்றான். இருபத்தொன்பது கழுத்துகள் நிமிர்ந்தன. அவள் கீழே பார்த்தாள்.

ஒரு துப்புரவுப் பெண் உள்ளறை வாசலில் தொடங்கி, பின்னோக்கி வந்தபடியே துடைத்து முடித்து, அப்போதுதான் இடுப்பை நிமிர்த்தியிருந்தாள். உள்ளறைக்குள் நுழைய அந்த ஈரத் தரையை விட்டால் வேறு வழி இல்லை.

"சீக்கிரம் வாங்க, அஞ்சு மணிக்குக் கதவை மூடிடுவாங்க" என்றான் வழிகாட்டி.

அத்தனை செருப்புகளும் ஈரத்தில் இறங்கின. துப்புரவுப் பெண் சுவரோரம் ஒதுங்கினாள். அந்த முகம் இவளுக்குப் பழக்கம். கோபப்பட்டுக் கோபப்பட்டு ஓய்ந்துபோன முகம்.

"அம்மா, வா!" என்றாள் மகள்.

"காயட்டும்."

"என்ன காயட்டும்?"

"தரை."

மருமகன் திரும்பி வந்தான். "அத்தை, எல்லாரும் மிதிச்சாச்சு. நீங்க ஒருத்தர் மிதிக்காம என்ன ஆகப்போகுது? ஊரோட ஒத்துப் போங்க."

"எந்த ஊரோட, மாப்பிள்ளை? எங்க வார்டுல பெரிய டாக்டரையே வாசல்ல நிறுத்தி வச்சவ நான். நின்னாரே, கையைக் கட்டிக்கிட்டு!"

"உங்களுக்காகக் கதவைத் திறந்து வைக்க மாட்டாங்கம்மா" என்றான் வழிகாட்டி.

"வைக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

கூட்டத்திலிருந்த தலைமையாசிரியர் ஒருவர் தலையிலடித்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, தரை காயறதையா வேடிக்கை பார்ப்பாங்க?"

"நீங்க கூரையைப் பாருங்க சார். நான் ஏதாவது சொன்னேனா?"

பிடிவாதத்துக்கும் கொள்கைக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. நின்றாள், அவ்வளவுதான்.

எல்லாரும் உள்ளே போனார்கள். துப்புரவுப் பெண் செருப்புத் தடங்களை மறுபடி துடைத்தாள், மறுபடி உள்ளறை வாசலிலிருந்தே. காய்வதற்கு இன்னும் நேரமானது. மணி ஐந்தடித்தது. உள்ளே இருந்தவர்கள், வெளியே போக மட்டுமே திறக்கும் பக்கவாசல் வழியாக வெளியேற, காவலர் உள்ளறைக் கதவை மூடிவிட்டுப் போனார்.

அம்மாவை அழைத்துப்போக மகள் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தபோது தரை காய்ந்திருந்தது. துப்புரவுப் பெண் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கதவு திறந்தது. நீல வெளிச்சம் தரையில் ஊர்ந்து அம்மாவின் காலடிக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. துப்புரவுப் பெண் கையை நீட்டி, வா என்று அழைத்தாள்.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கைகூப்பினாள். திரும்பி, வந்த வழியே வெளியே நடந்து, பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"கதவைத் திறந்து கூப்பிட்டாங்களேம்மா! தரையும் காஞ்சிடுச்சு. ஏன் போகலை?"

"அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்றாள்.

மகள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.