நீலாவதி பேசிய மூன்று நிமிடம்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் யாரைக் கேட்டாலும் நீலாவதியைக் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். ஃபெர்ரியில் முண்டியடிப்பவனோடு சண்டை, அழுகின மீனை விற்பவனோடு சண்டை, லீவு தராத ஆபீஸ் சூப்பிரண்டோடு சண்டை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆவேசம் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் ஆகாது? அவள் பட்டதில் கால்வாசி பட்டிருந்தால் இவர்கள் ஊரையே கொளுத்தியிருப்பார்கள்.

அவள் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். அவள் பிறப்பதற்கு முன்பே இரண்டு நாட்டுச் சர்க்கார்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டன. இந்தியாவிலிருந்து கூலிக்குப் போன தோட்டத்து ஜனங்களில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. சந்தையில் ஆடு மாடு பிரிப்பவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துத்தான் பிரிப்பான். எழுபத்து நான்கில் அப்பா, அம்மா, எட்டு வயது நீலாவதி மூவருக்கும் இந்தியா என்று வந்தது. இருபது வயது அண்ணன் சண்முகம் தனியாக மனுப் போட்டிருந்தான். அவனுக்கு இலங்கை என்று வந்தது.

அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அங்கே அழுகைக் கோச்சி என்றே பெயர். பிறகு கடல், மண்டபம் முகாம், மறுபடியும் கடல். கடைசியில் நிக்கோபாரில் கச்சால் தீவு. மலையில் கொழுந்து பறித்த அம்மாவின் கை தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியது. நீலாவதியும் பதினாறு வயதில் கத்தியைப் பிடித்தாள். அண்ணன் கடிதம் போடுவான். மாதக் கணக்கில் கப்பலில் சுற்றி, ஈரம் குடித்து வந்து சேரும். ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போட்டதில்லை.

இரண்டாயிரத்து நான்கில் அலை வந்தது. அம்மாவைக் கொண்டுபோனது, புருஷனைக் கொண்டுபோனது, கடிதம் இருந்த பெட்டியையும் கொண்டுபோனது. அப்பா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியதால் நீலாவதி மிஞ்சினாள். பிறகு பாம்பூஃப்ளாட்டில் குடிசை, எதிர்க்கரையில் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் தினக்கூலி வேலை. ஞாபகத்தில் இருந்த தோட்டத்து விலாசத்துக்கு நாலு கடிதம் போட்டாள். அந்த லயத்தையே இடித்துவிட்டார்களாம். நாலும் திரும்பி வந்தன. கச்சால் மூழ்கிவிட்டது என்று அண்ணனும் பேப்பரில் படித்திருப்பான். தங்கச்சி செத்துவிட்டாள் என்றே நினைத்திருப்பான். அவளுக்குத் தூக்கம் கெடுவது இந்த ஒரு நினைப்பில்தான்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து குணா என்ற பையன் கேமராவோடு வந்தான். பேராசிரியர் சிவஞானம் என்பவரைப் பற்றி அவன் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த மனிதர் வெளியுறவுக் கொள்கை படித்தவர். பக்கத்து நாட்டைக் குளிர வைக்க நம் சர்க்கார் சொந்த ஜனத்தை விட்டுக் கொடுத்தது என்று நாற்பது வருஷமாக எழுதியும் பேசியும் வருபவர். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய பதவிகள் கிடைக்கவில்லை. பேச்சையும் அவர் நிறுத்தவில்லை. இதைக் கேட்டதும் நீலாவதிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"தம்பி, இந்தப் படம் சிலோன்ல ஓடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடும்மா. ஹட்டன்லயே போடுவோம்."

"அப்படின்னா பேசுறேன்."

பேசுவதற்கு முன்னால் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். அவள் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஈஸ்வரன் அதைப் படித்துவிட்டுச் சொன்னான். "அக்கா, இது சர்க்காரத் திட்ற படம். நீங்க டெய்லி ரேட்டு. இன்னும் மூணு வருஷத்த ஓட்டணும். பேரு வெளிய வரவேணாம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் அடிச்சிருங்க. காய்க்கு? எதுக்கு இந்த வம்பு?"

வீட்டுக்கு ஒரு சர்க்கார் வேலை இருக்கிற தீவு இது. இங்கே எல்லோரும் அடிக்கிற டிக்தான் அது. அவளும் அடித்தாள். படத்தில் எழுத்தாகப் பெயர் போடமாட்டார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

தோட்டத்திலிருந்து வந்த இந்த ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நீங்கள் யார் என்று கேட்டால் பெயரோடு நிறுத்தமாட்டார்கள். குடும்ப அட்டை நம்பர், தோட்டம், டிவிஷன், லயம், அதில் எந்த அறை என்கிற காம்பிரா, தகப்பன் பெயர், ஏறின கப்பல் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். முகாமில், துறைமுகத்தில், கச்சாலில், எந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றாலும் கேட்ட கேள்விகள் அவை. ஒன்றை விட்டாலும் ரேஷன் கிடையாது, பாஸ் கிடையாது. ஐம்பது வருஷத்தில் அது நாக்கிலேயே உட்கார்ந்துவிட்டது. கேமரா ஓட ஆரம்பித்ததும் நீலாவதி அதைத்தான் முதலில் ஒப்பித்தாள். ஒப்பித்த கையோடு, மூச்சு வாங்காமல், "சம்முகண்ணே, நான் உசுரோடதான் இருக்கேன். அம்மா போயிருச்சு. நான் பாம்பூஃப்ளாட்டுல இருக்கேன்" என்று சொல்லி ஆபீஸ் போன் நம்பரையும் சொன்னாள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசினாளே, அதெல்லாம் அவர்கள் கேட்டதற்காகப் பேசினது.

ஒரு வருஷம் கழித்து போர்ட் பிளேரில் மரைன் ஹில் பக்கம் ஒரு சங்கத்து மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீலாவதி பாம்பூஃப்ளாட்டிலிருந்து இருபது பேரை ஃபெர்ரியில் கூட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் கச்சாலிலிருந்து மிஞ்சியவர்கள். முன் வரிசை முழுக்க ஆபீசர்கள். அவளுடைய சூப்பிரண்டும் இருந்தார்.

படம் எழுபது நிமிடம். பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நீலாவதி தலையாட்டினாள். நாற்பதாவது நிமிடத்தில் அவள் வந்தாள். ஃபெர்ரி நிற்கும் படகுத்துறை ஜெட்டியில் நின்று கடலைப் பார்க்கிறாள். வாய் அசைகிறது, குரல் இல்லை. அவள் குரலுக்குப் பதில் ஒரு வயலின். அதன் மேல் பேராசிரியர், "இவர்களுடைய மௌனம்தான் நம் வெளியுறவுக் கொள்கையின் மீதான மிகப் பெரிய குற்றச்சாட்டு" என்கிறார். அதோடு அவள் திரையிலிருந்து போய்விட்டாள்.

மௌனமா? மூன்று மணி நேரம் தொண்டை வறளக் கத்தினவளுக்கு மௌனமா? நீலாவதிக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது. சரி, பின்னால் வரும், கடைசியில் வைத்திருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் நன்றி, வணக்கம், விளக்கு.

குணா மைக்கைப் பிடித்தான். எந்தெந்த ஊரில் படம் பாராட்டு வாங்கியது என்று சொன்னான். அடுத்த வாரம் கண்டியிலும், மறுபடி ஹட்டனிலும் காட்டப்போவதாகச் சொன்னான். அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டான்.

"போன தடவை ஹட்டன்ல மறக்க முடியாத ஒரு விஷயம் நடந்துச்சு. படம் முடிஞ்சதும் ஒரு பெரியவர் எங்கிட்ட வந்தார். ஜெட்டியில நிக்கிற அந்தம்மா எங்க அம்மா மாதிரியே இருக்காங்க, அவங்க யாரு, எந்த ஊருன்னு கேட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அதுதான் சார் இந்தப் படத்தோட வெற்றி."

மண்டபமே கைதட்டியது. அது அடங்குவதற்குள் நீலாவதி எழுந்துவிட்டாள்.

"அவருகிட்ட என்னா சொன்ன?"

குணா அவளை அடையாளம் கண்டு சிரித்தான். "வாங்கம்மா! அது வந்து, உங்க பேரை வெளியில சொல்லக்கூடாதுன்னு ஃபாரம்ல இருந்துச்சு. அதனால சொல்லல. அந்த நெறிமுறையை நாங்க மீறமாட்டோம்."

"அவரு பேரு என்னா?"

"கேட்கலம்மா."

"எந்தத் தோட்டம்?"

"அது... கூட்டமா இருந்துச்சும்மா."

அந்தப் பெரியவர் சண்முகமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மாவைப் போல ஒரு முகம் ஆயிரம் பேருக்குத் தென்படும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதுமே! லட்சம் பேரைப் பிரித்த கதையைச் சொல்ல ஊர் ஊராகப் போகிறவனுக்கு, கையைப் பிடித்து நின்ற ஒரு கிழவனிடம் உன் பெயர் என்ன என்று கேட்க நேரமில்லை. இதற்குக் கைதட்டல் வேறு.

"நான் பேசுன மொத மூணு நிமிசம் எங்க?"

"அது நம்பர், லயம்னு வெறும் விவரம்மா. ஆடியன்ஸுக்கு ஒட்டாது. உங்க அண்ணன் விஷயம் குடும்ப விஷயம். படம் அரசியலைப் பத்தினது இல்லையா?"

"எங்கண்ணன அங்கிட்டும் என்னைய இங்கிட்டும் தள்ளுனது அரசியல் இல்லாம பின்ன என்னாய்யா? எங்க வீட்டு வாய்க்கா சண்டையா? நான் எதுக்குப் பேச வந்தேன்னு நெனச்ச? ஒன் படத்துல நின்னு கடல் பாக்கவா?"

ஈஸ்வரன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "அக்கா, பஸ் கரோ, போதும். சூப்பிரண்டு பாக்குறாரு."

"பாக்கட்டும். நீ டிக் அடின்னு சொன்ன, நான் அடிச்சேன். ரெண்டு பேருமே கூறுகெட்டதுக." கையை உதறினாள். முன் வரிசைக்குப் போய் ஒரு அழைப்பிதழை எடுத்து, சூப்பிரண்டின் சட்டைப் பையில் இருந்த பேனாவையே கேட்டு வாங்கினாள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தாள். "என் பேரு நீலாவதி. என் பேரையும் என் பேச்சையும் படத்துல போடணும். நான்தான் சொல்றேன்." கையெழுத்துப் போட்டுக் குணாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சூப்பிரண்டு தொண்டையைக் கனைத்தார். "நீலாவதி, நீ சர்க்கார் சம்பளம் வாங்குற. யோசிச்சுக்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இந்த கதி. நாளைக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. கூட்டுற வேலைதானே."

இரண்டு வருஷச் சோறு அது. ஆனால் சொன்னதை அவள் திரும்ப எடுக்கவில்லை.

"சரிம்மா, சென்னை போனதும் கண்டிப்பா சேர்த்துடறேன்" என்றான் குணா.

"சென்னையும் வேணாம், டெல்லியும் வேணாம். போனதும் செய்யிறோம்னு சொன்ன ஆளுகள ஐம்பது வருசமா பாத்தாச்சு. அன்னிக்கி எடுத்தது ஒன் பொட்டியில இருக்கா இல்லையா?"

லேப்டாப்பில், ஹார்ட் டிஸ்கில், எல்லாம் இருந்தது. கண்டிக்கு நேராகப் போவதாக இருந்ததால் மொத்தத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"அப்ப ஒக்காரு."

பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த இருபது பேரும் எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆபீசர்கள் அவர்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனார்கள். குணா வியர்த்து ஒழுகி மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்தான். வெட்டித் தள்ளியதைத் தேடவே அரை மணி ஆயிற்று. பக்கத்தில் நாற்காலி போட்டு நீலாவதி உட்கார்ந்திருந்தாள். அவன் பாதியில் வெட்டப் பார்த்தபோது, "அட்ட நம்பரு போகக்கூடாது. அத வச்சுத்தான் அண்ணன் கண்டுபிடிப்பான்" என்று அதட்டினாள். ஜெட்டிக் காட்சியில் வயலினை எடுக்கட்டுமா என்று அவனாகவே கேட்டான். அது இருந்தால் என்ன, போனால் என்ன என்றாள் அவள்.

ஆறு மணிக்குச் சேர்த்து முடித்தான். "படத்தோட ஆரம்பத்திலயே வச்சிருக்கேம்மா. கண்டிக்கும் ஹட்டனுக்கும் இதுதான் போகும்."

"வாய்ல சொல்லாத. போடு, பாப்போம்."

விளக்கை அணைத்தார்கள். திரையில் நீலாவதி வந்தாள். தலை கலைந்திருந்தது, மூக்கில் வியர்வை. இந்த முறை குரலும் வந்தது. பெயர், அட்டை நம்பர், தோட்டம், கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், மூன்றாம் காம்பிரா, தகப்பன் பெயர், கப்பல். வாசலில் இருந்தவர்கள் அவரவர் நம்பரைத் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். "சம்முகண்ணே" என்று அவள் கூப்பிட்டது அந்தக் காலி மண்டபத்தில் நன்றாகக் கேட்டது. நீலாவதி ஒரு சொல் விடாமல் சரிபார்த்தாள். போன் நம்பர் முழுதாக வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

திரையில் பேராசிரியர் வந்து கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ம்," என்றாள் நீலாவதி, "இப்ப அவரு பேசட்டும்."