ஷீபாவின் வைரஸுக்குப் பழக்கம் உண்டு

வைரஸ் வளர்ப்பது காத்திருக்கிற வேலை. காத்திருப்பவனுக்கு அடுத்தவர் மேசைதான் கண்ணில் படும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கதையில் முதல் சங்கதியை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்துத் தங்கச்சன் அண்ணன் சொல்லிக் கேட்டதுதான்.

ரயிலில் வந்த சேதி

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் பிடித்துத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கடல்வேலை. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நானும் ஷீபாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். வருட முடிவில் ஒருவருக்குத்தான் வேலை நீட்டிப்பு என்று ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் சொல்லியிருந்தார்.

இருவருக்கும் வளர்க்கத் தந்தது ஹெர்ப்பிஸ் குடும்பத்து ஒரே வகை வைரஸ். என்னுடையது ஒரு பச்சைக்குழந்தையின் சிறுநீரிலிருந்து எடுத்தது. அதைக் குப்பியில் செல்களோடு விட்டேன்; வைரஸ் வளர்ந்தால் செல்கள் வீங்கும், மூன்று வாரமாகியும் அசைவில்லை. குப்பிகள் கழுவும் தங்கச்சன் அண்ணன் வெள்ளறடைக்காரர். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "எலே மக்கா, அந்த ஷீபாக் குட்டிக்க குப்பியில ஒரே வாரத்துல செல்லெல்லாம் வீங்கியாச்சு. உனக்கது இன்னும் ஒறங்குதாக்கும்."

அம்மாவின் சந்தேகம்

அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். என்ன என்று கேட்ட அம்மாவிடம், என் வைரஸ் வளரவில்லை என்றேன். "கிருமி வளரலண்ணா சந்தோசம் தானே மக்கா? இதுக்கா உன்னப் படிக்க வச்சது?"

கதவுக்கு வெளியே

மறுநாள் மேடத்தின் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஷீபாவின் சிரிப்பு. மேடம் சொன்னதில் கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது: "...நல்ல பழக்கமுண்டு."

எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஷீபாவுக்கு மேலிடத்தில் பழக்கம், நீட்டிப்பு அவளுக்கே. அதற்குப்பின் அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் குப்பியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன். தொடவில்லை, பார்த்தேன் அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்காமல், "மேடத்தோட நல்ல பழக்கம் போலிருக்கே?" என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள், பிறகு சிரித்தாள்: "பழக்கம் எனிக்கல்ல சேட்டா, என்டெ வைரஸினா!"

ஒரு கோடு குறைவு

பழக்கம் தனக்கல்ல, தன் வைரஸுக்கு என்கிறாள்; மலையாளத்தில் பழக்கம் என்றால் பழமை. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். பொறாமை வந்தால் ஒன்றுதான் கேட்கும்போல. அவளுடைய வைரஸ் பல வருடமாகக் குப்பிக்குக் குப்பி மாறி வளர்ந்த பழையது.

ஒருவழியாக என்னுடையதும் வளர்ந்த பிறகு, மேடம் இரண்டின் டி.என்.ஏ.வையும் நொதியால் வெட்டி ஜெல்லில் ஓடவிடச் சொன்னார்; துண்டுகள் அளவுவாரியாகக் கோடுகளாகப் பிரியும். என்னுடையதில் இருந்த ஒரு கோடு அவளுடையதில் இல்லை. குப்பிக்குள் எதிர்க்க ஆளில்லை. மனித உடம்பில் தேவைப்படும் மரபணுக்கள் சில அங்கே தேவைப்படவில்லை, உதிர்ந்துபோயின. வேகம் அப்படி வந்தது. மேடம் எனக்காகத் தமிழிலேயே சொன்னார்: "குப்பிக்கு அவளோடது நல்லது. குழந்தைக்குள்ள நடக்கிறதப் படிக்க உன்னோடதுதான் வேணும்."

நீட்டிப்பு

கடிதம் எனக்கு வந்தது. ஷீபா வாழ்த்திவிட்டு மேசையைக் காலிசெய்தாள். போகும்போது கேட்டாள்: "சேட்டா, இனி யாருடெ குப்பி எட்டிநோக்கும்?"

பின்னால், சேர்ந்த அன்று இருவரும் அவரவர் வைரஸைப் பதிந்த உறைபெட்டிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்: அவளுடைய வைரஸ் எத்தனை குப்பி மாறியது என்பதை முதல் நாளே அவள் தன் கையால், என் பெயருக்கு நேர் கீழ் வரியில், சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள்.