காலைக் கச்சேரியும் கடைசி அத்தியாயமும்

நீரஜா கச்சேரிக்குப் போவது பாட்டுக் கேட்பதற்கு அல்ல என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போவதும் பாட்டுக்காக இல்லை. சபா காண்டீனில் கிடைக்கும் வெண்பொங்கலுக்கும் வடைக்கும். அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

நாங்கள் இருவரும் ஒரே இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர்கள். நான் ஓய்வு பெற்று அசோக் நகரில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாவல் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். மூன்று நாவல்களைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டவள். ஒன்று பிரசவத்தில் நின்றது, ஒன்று மாமனார் ஆபரேஷனில் நின்றது, இன்னொன்று சும்மாவே நின்றது. அந்தச் சும்மா நின்றதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

"இந்த மார்கழிக்குள்ள நாலாவதை முடிச்சுடறேன் ஸ்வர்ணா. முடிக்கலைன்னா இனிமே பேனாவையே தொடமாட்டேன்" என்றாள் ஒருநாள். சொன்ன தோரணையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. நாவல் பேச்சு இல்லாத நீரஜாவோடு நான் என்னத்தைப் பேசுவது?

வீட்டில் எழுத வழியில்லை. கணவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் கத்துவார், நடுநடுவே காபி கேட்பார். ஆனால் மயிலாப்பூரில் ஒரு பெண் டிசம்பர் மாதம் "கச்சேரிக்குப் போறேன்" என்று கிளம்பினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நீரஜா வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த லீவை எடுத்தாள். மாட வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபா. காலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது, ஏசி மட்டும் உண்டு. கடைசி வரிசையில் பரீட்சை அட்டையும் வெள்ளைத் தாளுமாக உட்கார்ந்துவிட்டாள்.

கதை இதுதான்: ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற ரத்னா கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாள். வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிற நீரஜா, வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். மேடையில் ஒருவர் உருகிப் பாடிக்கொண்டிருப்பார். கடைசி வரிசையில் ரத்னா யாரையாவது வெளுத்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கச்சேரியில் பாட்டு, ராகம், தாளம் என்று குறித்துக்கொள்ளும் ரசிகர்கள் உண்டு. ஆனால் தலை நிமிராமல் பக்கம் பக்கமாக எழுதினால் அது பத்திரிகை விமர்சகராகத்தான் இருக்க வேண்டும் என்று சபா செயலாளர் பத்ரிநாராயணன் முடிவு கட்டிவிட்டார்.

"மாமி, நீங்க போய் இப்படிப் பின்னாடி உக்காரலாமோ? எந்தப் பத்திரிகைன்னு கேக்க மாட்டேன், அது நாகரிகம் இல்லை" என்று முன்வரிசையில் நடு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். கையில் டவரா டம்ளரோடு காபி வேறு. இவள் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே" என்றேன்.

"சொன்னா ஆத்து வரைக்கும் போயிடும்டி."

முன்வரிசையில் எழுத முடியுமா? பாடுகிறவர் கண்ணுக்கு நேரே தாளம் போட வேண்டும், தலையாட்ட வேண்டும், ஆஹா சொல்ல வேண்டும். ஒரு வாரம் இப்படியே போனது. ரத்னா ஓட்டு எண்ணும் இடத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். லீவு கரைந்தது.

"நாலாவதும் போச்சு" என்றாள் நீரஜா, காண்டீன் மேசையைப் பார்த்தபடி. எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"இன்னாத்துக்கு பயப்படறே? காபி குடுத்தா உன் கையையும் கட்டிப் போட்டுட்டாரா அந்தாளு? அங்கேயே குந்திக்கினு எழுது!"

காலைக் கச்சேரிகளின் கடைசி நாள். பாடியவள் மஹதி, கல்லூரிப் பெண், பத்ரிநாராயணனின் தங்கை மகள். நீரஜா நடு நாற்காலியில் உட்கார்ந்தாள், அட்டையை எடுத்தாள், எழுத ஆரம்பித்தாள். மஹதி இவளைப் பார்த்தாள். குரல் ஒருமுறை பிசிறியது. பிறகு அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது போல, ஆலாபனையை இழு இழு என்று இழுத்தாள். இவள் நிமிரவே இல்லை. மங்களம் முடிந்து, இருந்த சிலரும் எழுந்து போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள்.

மஹதி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "அவ்வளவு மோசமாவா பாடினேன் மாமி? ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலையே நீங்க."

நீரஜாவின் கண் நிறைந்திருந்தது. "நான் விமர்சகர் இல்லைம்மா. நாவல் எழுதிண்டிருந்தேன். இப்பத்தான் முடிஞ்சுது. உன் பாட்டுல ஒரு வரிகூட காதுல விழலை. மன்னிச்சுக்கோ."

பத்ரிநாராயணன் பின்னாலேயே நின்றிருந்தார். "அப்போ இத்தனை நாளா குடுத்த காபி?" என்றார். அந்த மனிதருக்கு அதுதான் தோன்றியது.

"இப்ப ஒரு பாட்டுப் பாடேன், ஒழுங்கா உக்காந்து கேக்கறேன்" என்றாள் நீரஜா.

"தொண்டை காஞ்சு கிடக்கு. நீங்க படிங்கோ, நான் கேக்கறேன்" என்று மஹதி கையைக் கட்டிக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் இன்னும் போகவில்லை.

நீரஜா இதுவரை எனக்குக்கூட ஒரு பக்கம் காட்டியதில்லை. மேடைக்குக் கீழே நின்று கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். யாரும் நிறுத்தாததால் சுருதிப் பெட்டி அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. "இன்னா மொறைக்கிறே? ஓட்டை ஒழுங்கா எண்ணு!" என்று ரத்னா அதிகாரியிடம் கத்தும் இடத்தில் மஹதி கட்டிய கையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். பத்ரிநாராயணன் இரண்டாம் வரிசையில் மெதுவாக உட்கார்ந்தார். காண்டீனில் வடை தீர்ந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எழவில்லை.

கடைசிப் பக்கத்தில் நீரஜாவின் குரல் நின்றுவிட்டது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மஹதி எழுந்து போய்த் தாளை எட்டிப் பார்த்தாள். மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்கும்படி அவளே வாசித்தாள்: "முற்றும்."